எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு: பழக்கவழக்கம் நோயை எவ்வளவு தள்ளிப்போடும்?

“பார்டர்லதானுங்க இருக்குது, மாத்திரை வேண்டாம்னு சொல்லீட்டாங்க. அப்ப ஒண்ணுமில்லைங்களே?” இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நம் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம் நாம் அடிக்கடி கேட்கும் வினா இது. உடன் வந்திருக்கும் மனைவியோ மகனோ கேட்பது வேறொன்று: “வாயைக் கட்டச் சொல்லுங்க டாக்டர். வாயைக் கட்டினா வராதில்லைங்க?” முதல் வினாவில் சற்றே அலட்சியம் கலந்திருக்கிறது, இரண்டாவதில் சற்றே குற்றச்சாட்டு கலந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. எண்களோடு விடை கூற இயலும். அந்த எண்களில் முதன்மையானவை அயல்நாட்டிலிருந்து இரவல் பெற்றவை அல்ல. நம் சென்னையிலேயே, நம்மைப் போன்ற உழைக்கும் மக்களிடம் கண்டறியப்பட்டவை. அவற்றை இவ்விதழில் சற்று விரிவாகவே எடுத்துரைக்க எண்ணுகிறோம்.

அமராவதிப் பாசனத்தில் கரும்பும் நெல்லும் விளையும் ஊர்ப்புறம் நம்முடையது. கிருஷ்ணாபுரத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உண்டு. குமரலிங்கம் பக்கம் வெல்லம் காய்ச்சும் மணமும் உண்டு. இனிப்புக்குப் பெயர்பெற்ற இம்மண்ணில் ‘சர்க்கரை’ என்றாலே நோயைக் குறிக்கும் காலம் வந்துவிட்டது. கழனியில் நின்றவர்களின் பிள்ளைகள் இன்று நூற்பாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் வேன் ஏறிப் போகிறார்கள். உழைப்பு குறையவில்லை, உழைப்பின் வகை மாறிவிட்டது. உடல் அந்த மாற்றத்தை எவ்வாறு வாங்கிக்கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எல்லைக்கோடு எனப்படுவது

75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரையின் அளவைப் பார்க்கிறோம். அது 140-க்குக் கீழே இருப்பின் இயல்பு; 200-ஐ எட்டினால் சர்க்கரை நோய். இடைப்பட்ட 140 முதல் 199 வரை உள்ள நிலையையே மக்கள் ‘பார்டர்’ என்கின்றனர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் இது 5.7 முதல் 6.4 விழுக்காடு வரை இருக்கும்.

இந்நிலையில் உடலில் நிகழ்வது யாது? உண்ட உணவின் சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்பும் பணி இன்சுலினுடையது. கதவைத் தட்டியதும் திறந்த தசைகள், நாளடைவில் பலமுறை தட்டினால்தான் திறக்கின்றன. ஆகவே கணையம் முன்னைக் காட்டிலும் மிகுதியாக இன்சுலினைச் சுரக்க வேண்டியதாகிறது. சில ஆண்டுகள் அது ஈடுகொடுக்கும், பின்னர் களைத்துப்போகும். எல்லைக்கோடு என்பது கணையம் ஈடுகொடுத்துக்கொண்டிருக்கும் காலம். வலியில்லை, தாகமில்லை, இளைப்பில்லை. ஒன்றும் தெரியாததாலேயே ‘ஒன்றுமில்லை’ என்று எண்ணிவிடுகிறோம்.

இந்நிலையில் இருப்போர் சிலரல்லர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னைச் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனம் 2008 முதல் 2020 வரை எல்லா மாநிலங்களிலும் வீடு வீடாகச் சென்று 1,13,043 பேரை ஆராய்ந்து, 2023-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டது. இந்திய அளவில் நூற்றுக்கு 11.4 பேருக்குச் சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் 14.4 பேருக்கு. எல்லைக்கோட்டு நிலையில் இருப்போர் நாடெங்கும் நூற்றுக்கு 15.3 பேர். அதாவது நோயுற்றோரைக் காட்டிலும் நோயின் வாசலில் நிற்போரே மிகுதி.

சென்னையில் 531 பேர்

இனி நாம் கூறவந்த ஆய்வுக்கு வருவோம். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சென்னையில் பணிபுரிவோரும் அவர்தம் குடும்பத்தினருமாகிய பலரைச் சோதித்து, எல்லைக்கோட்டு நிலையில் இருந்த 531 பேரைத் தேர்ந்தெடுத்தது. ஆண்கள் 421 பேர், பெண்கள் 110 பேர். சராசரி வயது 46. அவர்களைச் சீட்டுக் குலுக்குவது போல் நான்கு பிரிவாகப் பிரித்தனர். முதற்பிரிவினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இரண்டாம் பிரிவினருக்கு உணவிலும் நடையிலும் மாற்றம். மூன்றாம் பிரிவினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காம் பிரிவினருக்கு மாற்றமும் மாத்திரையும் சேர்த்து. குலுக்கிப் பிரிப்பது ஏனெனில், நலத்தில் அக்கறை மிக்கவர்களே தாமாக நடைப்பயிற்சிப் பிரிவில் சேர்ந்துவிட்டால், பலன் நடையால் வந்ததா, அவர்களின் பொதுவான அக்கறையால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமற் போகும்.

இரண்டாம் பிரிவினரிடம் கேட்கப்பட்டது பெரிதொன்றுமில்லை. உட்கார்ந்தே பணி செய்வோர் நாளொன்றுக்கு அரைமணி நேரம் விரைந்து நடக்க வேண்டும். ஏற்கெனவே மிதிவண்டி மிதிப்போரும் கடும் உடலுழைப்பு உள்ளோரும் அதைத் தொடர்ந்தால் போதும். மொத்த உணவின் அளவையும், தீட்டிய தானியத்தையும், எண்ணெய் நெய்யையும் குறைக்க வேண்டும். சர்க்கரையைத் தவிர்க்க வேண்டும். நார்ச்சத்துள்ள உணவைக் கூட்ட வேண்டும். மாதந்தோறும் தொலைபேசியில் நினைவூட்டல்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் சந்திப்பு.

மூன்றாண்டு முடிவில் கிடைத்த விடை 2006-இல் வெளியாயிற்று. பொது அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. இவ்வெண்ணை மீண்டும் ஒருமுறை படிக்குமாறு வேண்டுகிறோம். ‘பார்டர்தானே’ என்றிருந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் மூன்றே ஆண்டில் எல்லையைத் தாண்டிவிட்டனர். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட பிரிவில் அது 39.3, மாத்திரைப் பிரிவில் 40.5, இரண்டும் சேர்ந்த பிரிவில் 39.5.

இதிலிருந்து அறியத்தக்கவை மூன்று. பழக்க மாற்றம் மாத்திரைக்குச் சற்றும் குறைந்ததன்று. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பலன் ஏதும் காணப்படவில்லை. மூன்றாவது, நாம் மிகவும் வியந்தது: மாற்றம் செய்துகொண்டவர்களின் எடை சொல்லத்தக்க அளவு குறையவில்லை, ஆயினும் நோய் குறைந்தது. “ஆறு மாசமா நடக்கறேனுங்க, ஒரு கிலோகூடக் குறையலீங்க” என்று சலித்து நிறுத்திவிடுவோர் பலர். எடைக்கருவியின் முள் அசையாவிட்டாலும் தசைகளின் கதவு திறக்கத் தொடங்கியிருக்கலாம் என்பதே இவ்வாய்வு அவர்களுக்குக் கூறும் செய்தி.

ஓர் எச்சரிக்கையும் உடனே கூறியாக வேண்டும். இது எல்லைக்கோட்டில் இருப்போரிடம் செய்யப்பட்ட ஆய்வு. சர்க்கரை நோய் உறுதிப்பட்டு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்வோர், இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்துதல் கூடாது.

அயல்நாடுகளிலும் இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன. பின்லாந்திலும் (2001) அமெரிக்காவிலும் (2002) பழக்க மாற்றத்தால் நோய்வரவு 58 விழுக்காடு குறைந்தது. சென்னையில் குறைந்தது 28.5 விழுக்காடு. நம்மவர் சோம்பியதால் வந்த வேறுபாடு என்று இதை எண்ணற்க. நம்மவர்க்கு நோய் மெலிந்த உடலிலும் வருகிறது. எல்லையைக் கடக்கும் வேகமும் மிகுதி. சீனத்தின் தாச்சிங் நகரில் 1986-இல் 577 பேரிடம் தொடங்கிய ஆய்வு, ஆறாண்டு பழக்க மாற்றத்தின் பலனை முப்பது ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தது. நோயின் வருகை ஏறத்தாழ நான்காண்டு தள்ளிப்போயிற்று; இதய, மூளை இரத்தக்குழாய் நோய்கள் குறைந்தன; ஆயுளும் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கூடிற்று. நான்காண்டுத் தள்ளிவைப்பு சிறிதெனத் தோன்றலாம். மகளின் திருமணத்துக்கு முன் வரும் நோய்க்கும் பின் வரும் நோய்க்கும் உள்ள வேறுபாட்டைக் குடும்பத்தினர் அறிவர்.

மெலிந்தவர்க்கும் ஏன்?

“ஒல்லியாத்தானுங்க இருக்கேன், எனக்கெப்படிங்க சர்க்கரை?” என்பதும் நாம் கேட்பதே. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் டாக்டர் யுட்கினும் 2004-இல் தம் இருவர் உடலையே எடுத்துக்காட்டாக்கிச் சிறு குறிப்பொன்றை வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் ஒரே அளவு, 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரின் உடலில் 21.2 விழுக்காடு. கைகால் மெலிந்து, தசை குறைந்து, கொழுப்பு வயிற்றுக்குள் ஒளிந்திருப்பதே நம் உடலமைப்பின் இயல்பு. ஆகவே எடைக்கருவியைவிட, தையல்காரரின் அளவு நாடாவே நமக்கு நம்பத்தக்க துணை. வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது. அளவு நாடா இல்லாத வீடு இப்பகுதியில் அரிது.

தட்டில் உள்ளது

உணவைப் பற்றி ஊரில் உலவும் நம்பிக்கைகளில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று, வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரையோ வெல்லமோ போட்டுக்கொண்டால் தீங்கில்லை என்பது. வெல்லத்தில் சிறிதளவு தாதுக்கள் உண்டு, மணமும் உண்டு. ஆயினும் அதன் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே பொருளே. இரத்தம் அதன் நிறத்தைப் பார்ப்பதில்லை.

மற்றொன்று, அரிசியை விட்டு ராகிக்கும் கம்புக்கும் கோதுமைக்கும் மாறிவிட்டால் போதும் என்பது. சென்னைச் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் உணவாய்வு 2025-இல் வெளியாயிற்று. இந்தியர் உண்ணும் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. புரதத்திலிருந்து 12 விழுக்காடு மட்டுமே. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், அரிசிக்கு மாற்றாக அரைத்த கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ உண்பதால் நோய் அபாயம் குறைந்ததாக அவ்வாய்வில் காணப்படவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை, அதாவது மொத்தக் கலோரியில் 5 விழுக்காட்டை, பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தால் ஈடுசெய்தோர்க்கு அபாயம் குறைவாகக் காணப்பட்டது. நான்கு இட்லியை விட்டுவிட்டு நான்கு ராகித் தோசை உண்பவர் ஏமாந்துபோகிறார் என்று இதைப் பொருள்கொள்ளலாம். இவ்வாய்வு ஒரு காலகட்டத்தில் மக்களை நோக்கிக் கணக்கெடுத்தது. சென்னையின் 531 பேர் ஆய்வைப் போலக் குலுக்கிப் பிரித்துச் சோதித்ததன்று. ஆயினும் திசையைக் காட்டப் போதுமானது.

அரிசியைப் பற்றி 21 நாடுகளில் 1,32,373 பேரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வொன்று 2020-இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளரிசிச் சோறு உண்டோர்க்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்டோரைவிடச் சர்க்கரை நோய் அபாயம் பொதுவில் 20 விழுக்காடு மிகுதி. தெற்காசியாவில் மட்டும் பார்த்தால் 61 விழுக்காடு மிகுதி. சோற்றை அறவே விடுக என்று நாம் கூறமாட்டோம், கூறினாலும் நடவாது. அளவைக் குறைப்பதும், குறைத்த இடத்தை நிரப்புவதும் இயலும். நிரப்புவதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கொள்ளும் தட்டைப்பயறும் பச்சைப்பயறும் கொங்கு நாட்டு அடுக்களைக்குப் புதியவை அல்ல. அரிசியும் பருப்பும் சேர்த்துச் சமைக்கும் நம் அரிசிம்பருப்புச் சோற்றில், அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினால் பெயரும் மாறாது, சுவையும் கெடாது. தட்டில் முதலில் பொரியலும் பயறும் விழுந்து, பிறகு சோறு விழுந்தால், இரண்டாம் முறை சோறு கேட்பது குறையும். இது ஆய்வு முடிவன்று. நம் உணவு ஆலோசனைப் பிரிவில் கண்ட வழக்கம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளோர் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

தேநீரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதோர் மிகப்பலர். கம்பெனியில் நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, உடன் ஒரு பன் அல்லது போண்டா. “நான் இனிப்பே தொடறதில்லைங்க” என்போரும் இதைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உட்கார்ந்தவரும் நின்றவரும்

இலண்டன் மாநகர இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் நாள் முழுவதும் படியேறி இறங்கிக்கொண்டிருப்பார். இருவர்க்கும் ஏறத்தாழ ஒரே ஊதியம், ஒரே சூழல். டாக்டர் ஜெர்ரி மாரிஸ் இவர்களை ஒப்பிட்டு 1953-இல் வெளியிட்ட ஆய்வு, நடத்துநரைக் காட்டிலும் ஓட்டுநர்க்கு மாரடைப்பு மிகுதி என்றும், வந்தால் உயிரைப் பறிப்பதும் மிகுதி என்றும் காட்டிற்று. உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை எண்ணால் காட்டிய முன்னோடி ஆய்வு அது. ஆனால் மாரிஸ் அத்தோடு நிறைவடையவில்லை. ‘பருத்தவர்களே ஓட்டுநர் வேலைக்குப் போகிறார்களோ?’ என்ற ஐயம் அவருக்கே எழுந்தது. அதைத் தீர்க்க அவர் நாடியது சீருடைக் கணக்கேட்டை! காற்சட்டைகளின் இடுப்பளவைப் பார்த்தபோது, ஓட்டுநரின் இடுப்பு உண்மையிலேயே பெரிதாக இருந்தது. பின்னர் ஒத்த இடுப்பளவு உள்ளோரை ஒப்பிட்டபோதும் நடத்துநர்க்கே ஆபத்து குறைவாக இருந்தது. ஆடை தைக்கும் ஊர்க்காரர்களாகிய நமக்கு இச்செய்தி சுவையூட்டும் என்பதாலேயே சற்று நீட்டினோம்.

நம் கம்பெனிகளில் ஓட்டுநரும் நடத்துநரும் எதிரெதிரே இருக்கிறார்கள். ஓவர்லாக், பேட்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்த டெய்லர் எழுவதில்லை. பீஸ் கணக்கில் கூலி என்பதால் எழ மனம் வருவதில்லை. கைமடி ஆளும் செக்கிங் ஆளும் நின்றபடியே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கால் நரம்பு புடைக்கும் தொல்லை வேறு. டெய்லருக்கு நாம் கூறுவது, அரைமணி நடையைத் தவிர, நெடுநேர இருக்கையை அவ்வப்போது முறிப்பது. ஆஸ்திரேலியாவில் 19 பேரிடம் செய்து 2012-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் மெல்ல நடந்த நாளில், இடையறாது உட்கார்ந்திருந்த நாளைவிட உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தால் சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்பது நமக்குத் தெரியாததன்று. பண்டல் தீரும்போதாவது எழுந்து அடுத்ததைத் தாமே எடுத்துவருவதும், தண்ணீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைக்காமல் குடிக்க எழுந்து போவதும் கூலியைக் குறைக்கமாட்டா.

நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று செல்பேசி சொல்வதாகப் பலர் வருந்துகின்றனர். அந்தப் பத்தாயிரம் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைக்கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவிய எண். 57 ஆய்வுகளைத் தொகுத்து 2025-இல் வெளியான கணக்கின்படி, நாளுக்கு 2,000 அடி நடப்போரைவிட 7,000 அடி நடப்போரின் இறப்பு அபாயம் 47 விழுக்காடு குறைவு. 2,000-லிருந்து 4,000-க்கு உயர்வதிலும் பலன் உண்டு. தைப்பூசத்துக்கு நம் சாலை வழியே பழனிக்கு நடக்கும் கூட்டத்தைக் காணும்போதெல்லாம் நமக்கு ஒரு நினைப்பு எழுவதுண்டு. நடக்க வல்ல கால்கள்தாம் இவை. ஆண்டுக்கொரு முறை நடக்கும் அத்தொலைவை நாள்தோறும் சிறு சிறு துண்டுகளாக நடந்தால் கணையம் நன்றி கூறும்.

ஒன்றரை ஷிப்ட்

காலை எட்டரைக்கு ஏறி இரவு எட்டரைக்கு இறங்கும் ஒன்றரை ஷிப்டை வாரம் ஆறு நாள் பார்ப்பவர், உணவு, தேநீர் இடைவேளைகளைக் கழித்தாலும் வாரத்தில் 55 மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார். உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூட்டாக வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணிக்கு மேல் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி உழைப்போரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு மிகுதி; இதய இரத்தக்குழாய் அடைப்பால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடு மிகுதி. இதைத் தனிமனிதரின் ‘பழக்கம்’ என்று நாம் கூறினால் அது நேர்மையாகாது. ஆர்டர் முடிய வேண்டிய தேதியும் வீட்டுக் கடனும் சேர்ந்து அமைப்பது அது. கம்பெனி நடத்துவோரும் இவ்விதழைப் படிப்பதுண்டு. இப்பத்தி அவர்களுக்கும் உரியது.

நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்ப்போர்க்குத் தாமே செய்துகொள்ளத்தக்க ஒன்று உண்டு. இரவில் நம் உடல் உணவை ஏற்கும் திறன் பகலினும் குறைவு. அமெரிக்காவில் 19 பேரை இரவுப்பணிச் சூழலில் வைத்து நடத்திய ஆய்வு (2021) ஒன்றில், இரவிலும் உண்டோரின் சர்க்கரை உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டோர்க்கு அவ்வுயர்வு ஏற்படவில்லை. பங்கேற்றோர் இளம்வயதினர், நலமுடையோர், எண்ணிக்கையும் சிறிது என்பதை மறவாமல் இதனைக் கொள்ள வேண்டும். முழுச் சாப்பாட்டை வேலைக்குப் புறப்படுமுன் முடித்துக்கொண்டு, நள்ளிரவில் பரோட்டாவுக்கு மாறாக மோர், சுண்டல், ஒரு பழம் என்று எளிதாக உண்பது நலம். இன்சுலினோ மாத்திரையோ எடுப்போர் இரவுணவைத் தாமாகத் தவிர்க்கலாகாது. தாழ்சர்க்கரை மயக்கம் ஓடும் இயந்திரத்தின் அருகே வந்தால் விளைவு கொடிது.

புகையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பிரிட்டனில் 34,439 ஆண் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பதாண்டு பின்தொடர்ந்து 2004-இல் வெளியான கணக்கு: தொடர்ந்து புகைத்தோர் ஏறத்தாழ பத்தாண்டு ஆயுளை இழந்தனர். முப்பது வயதில் விட்டோர் அப்பத்தையும் மீட்டனர். அறுபதில் விட்டோரும் மூன்றாண்டு மீட்டனர். வாயில் அடக்கும் புகையிலைக்கு நம் புற்றுநோய்ப் பிரிவே சான்று.

குற்றம் யாருடையது?

இனி அந்த இரண்டாம் வினா. சென்னை ஆய்வில் சொன்னபடி எல்லாம் செய்தோர் பிரிவிலும் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் வந்தது. மாற்றத்தால் காக்கப்பட்டோர் நூற்றுக்குப் பதினாறு பேர். அதாவது ஆறேழு பேர் மூன்றாண்டு முயன்றால் ஒருவர் தப்புகிறார். அந்த ஒருவர் யாரென்று முன்கூட்டி எவராலும் கூற முடியாது. இதைக் கேட்டு மனம் தளர்வோர் உண்டு. நமக்கோ இது இருபுறமும் கூர்மையுள்ள உண்மையாகத் தோன்றுகிறது. முயலாதவர் தமக்குக் கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்பை இழக்கிறார். முயன்றும் நோய் வந்தவர் எந்தத் தவறும் இழைக்காதவர். பிறவிக்கூறு, தாய்வயிற்றில் பெற்ற ஊட்டம், வயது ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. “வாயைக் கட்டலை, அதனாலதான் வந்துச்சு” என்று வீட்டில் நாள்தோறும் கேட்பவர், ஒளித்து உண்ணத் தொடங்குகிறார். பிறகு பரிசோதனைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். அவ்வாறு வராமல் இருந்து, கால் புண்ணோடு வந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களில் சிலருக்கு விரலைக் காக்க முடியவில்லை.

திட்டுவதற்கு மாற்றாக எது பயன்படும் என்பதற்கும் விடை உண்டு. அதே ராமச்சந்திரன் குழு 2013-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், எல்லைக்கோட்டு நிலையில் இருந்த 537 ஆண் பணியாளர்களில் ஒரு பிரிவினருக்குச் செல்பேசியில் குறுஞ்செய்தியாக உணவு, நடை பற்றிய நினைவூட்டல்கள் அனுப்பப்பட்டன. இரண்டாண்டு முடிவில் செய்தி பெறாதோரில் 27 விழுக்காட்டினர்க்கு நோய்; பெற்றோரில் 18 விழுக்காட்டினர்க்கே. கடிந்துரை இல்லை, கண்காணிப்பு இல்லை. இடைவிடாத சிறு நினைவூட்டல் மட்டும். வெளியூர் விடுதியில் தங்கியிருக்கும் மகள், மாலையில் ‘அப்பா, நடந்தீங்களா?’ என்று ஒரு வரி அனுப்புவதும் இதே வகையைச் சேர்ந்ததே.

சமையலும் நோயாளிக்குத் தனி, வீட்டாருக்குத் தனி என்று இருத்தல் வேண்டா. ஒருவர்க்கு மட்டும் கஞ்சியும் மற்றவர்க்கு விருந்தும் இட்ட வீட்டில் அக்கஞ்சி இரண்டு மாதம் தாங்கினாலே பெரிது. பயறு கூடிய, சோறு குறைந்த அதே தட்டு எல்லார்க்கும் பொருந்தும். பெற்றோர்க்கு இந்நோய் இருப்பின் பிள்ளைகளுக்கும் அபாயம் மிகுதி என்பதால் அவர்களுக்கும் அது தேவையே.

நடைப்பயிற்சி தொடங்குமுன் சிலர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நடக்கையில் நெஞ்சு இறுக்கமோ மூச்சிரைப்போ வருவோர், பாதத்தில் மரமரப்போ புண்ணோ உள்ளோர், இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்போர். இவர்களில் கடைசியாகக் கூறியோர் நடக்கும்போது சட்டைப்பையில் நாலைந்து குளுக்கோஸ் மிட்டாயோ சிறிது சர்க்கரையோ வைத்திருத்தல் நலம். வெறுங்காலுடன் நடத்தல் ஒருவர்க்கும் ஆகாது; கோயிலுக்கு நடப்போரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

எல்லைக்கோட்டில் இருப்போர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதனையை மீண்டும் செய்துகொள்ள வேண்டும். அடுத்த முறை வரும்போது பழைய பரிசோதனைத் தாள்களையும், எந்த வாரம் எந்த ஷிப்ட் என்ற குறிப்பையும் எடுத்து வருக. வீட்டில் சமைப்பவர் யாரோ, இயன்றால் அவரையும் உடன் அழைத்து வருக. உணவு ஆலோசகர் முதலில் பேச விரும்புவது அவரிடந்தான்.